டெபாசிட் போட்டவருக்கு முழுப் பணம், பங்கு வாங்கியவருக்குப் பூஜ்யம்: சிறு சேமிப்பை எங்கே வைப்பது?

2020 நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கியின் மீது மத்திய அரசு தற்காலிகத் தடை விதித்தது. கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. 1926-ல் கரூரில் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. பத்து நாள் கழித்து, நவம்பர் 27 அன்று, டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டிருந்தவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. பங்கு மூலதனம் முழுவதையும் பூஜ்யமாக எழுதிவிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 2017 டிசம்பரில், அதே வங்கி பழைய பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்கு கொடுத்தபோது ஒரு பங்கின் விலை 122 ரூபாய்.

இரண்டு தரப்பும் ஒரே வங்கியைத்தான் நம்பியது. ஒரே கிளைக்குத்தான் போய் வந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒருவர் கடன் கொடுத்தவர், இன்னொருவர் முதலாளி. எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் அது முதலாளிக்கு. மிச்சம் இல்லையென்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. நூறு பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் இந்தக் கணக்கில் முதலாளிதான். வரிசையின் கடைசியில் நிற்கிறோம் என்பதை அவரிடம் பங்கு வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

சம்பளத்தில் மாதம் ஐந்தாயிரம், பத்தாயிரம் மிச்சம் பிடிப்பவர்களையும், ஓய்வுபெற்றபோது வந்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவுக்குத் தேதி குறித்துவைத்த பணம் வங்கியிலோ தபால் நிலையத்திலோ இருக்கட்டும். பத்து ஆண்டுக்குத் தொட வேண்டாத பணம், சந்தையின் பெரிய கம்பெனிகளை மொத்தமாக வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகட்டும். தனித்தனிப் பங்குகளைப் பொறுக்கி வாங்குவது இந்த இரண்டும் அமைந்த பிறகு, சின்ன அளவில் செய்ய வேண்டிய வேலை. பங்குச் சந்தையே சூதாட்டம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட காலத்தில் அதைப் போலப் பணத்தை வளர்த்துக்கொடுத்த இடம் குறைவு. ஆனால், பகலெல்லாம் வேறு வேலை பார்க்கும் ஒருவர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனைப் பார்த்து ஐந்தாறு நல்ல கம்பெனிகளைச் சரியாக எடுத்துவிடுவார் என்று நம்பத்தான் எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

தனிப்பங்கில் கை சுடுவது எப்படி

2020 மார்ச்சில் இந்தியாவில் டீமேட் கணக்குகள், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகள், சுமார் 4 கோடி. 2024 முடியும்போது 18 கோடியைத் தாண்டிவிட்டன. இடையில் வந்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது ஏறுகிற சந்தையை மட்டும்தான். ஏறுகிற சந்தையில் எதை வாங்கினாலும் லாபம் வருவதால், அது நம் திறமை என்று தோன்றிவிடுகிறது. அப்புறம்தான் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கின்றன.

முதல் தொல்லை, பங்குகளில் பெரும்பாலானவை சுமாரானவை என்பது. ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1926 முதல் அந்த நாட்டுச் சந்தையில் இருந்த ஏறக்குறைய 25,000 கம்பெனிகளை எடுத்து ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார். ஏழில் நான்கு பங்குகள், அரசாங்கத்தின் ஒரு மாதக் கடன் பத்திரம் தந்த வருமானத்தைக்கூடத் தம் வாழ்நாளில் தரவில்லை. சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் அத்தனைக்கும் காரணம் 4 சதவீதக் கம்பெனிகள். அந்த நான்கு சதவீதம் கையில் இல்லாதவருக்குச் சந்தை ஏறினாலும் பயனில்லை. ஐந்து பங்கு வாங்குகிறவர் கையில் அதில் ஒன்றுகூட இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் உடனே யாராவது டைட்டனைச் சொல்வார்கள். டாட்டா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை வைத்த கம்பெனி. இருபது ஆண்டுக்கு முன்பு அதை வாங்கிப் பேசாமல் வைத்திருந்தவர்கள் இன்று செல்வந்தர்கள், உண்மைதான். ஆனால் 2008 ஜனவரியில் வீட்டுக்கு வீடு பேசிய பெயர்கள் வேறு: ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், யுனிடெக், சுஸ்லான். மூன்றும் நிஃப்டி 50 என்ற பட்டியலில் இடம்பிடித்த கம்பெனிகள், அதாவது அன்றைய நாட்டின் மிகப் பெரியவற்றில் சில. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அந்த மாதம் 800 ரூபாய்க்கு மேல் விற்றது. 2019-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது, பிறகு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குக் கிடந்தது. டைட்டனை விடாமல் பிடித்திருந்தவரின் பொறுமை இதைப் பிடித்திருந்தவரிடமும் இருந்தது. ஒருவருடைய பொறுமையை ஞானம் என்கிறோம், இன்னொருவருடையதை யாரும் பேசுவதே இல்லை.

இரண்டாவது தொல்லை இன்னும் கடுமையானது. வாங்குவதைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எப்போது விற்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. யெஸ் வங்கியை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் அதன் விலை 400 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில், அதன் தலைவரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி குறைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் ஒரே நாளில் 30 சதவீதத்தை ஒட்டிச் சரிந்தது. அந்தச் சரிவுகளில்தான் சிறு முதலீட்டாளர்கள் பெருமளவில் உள்ளே போனார்கள். விலை குறைந்தால் இன்னும் வாங்கி சராசரியைக் குறைப்பதற்கு ‘ஆவரேஜ் செய்வது’ என்று பெயர். ஒருவர் 380 ரூபாயில் 100 பங்கு வாங்குகிறார். 200-க்கு வரும்போது இன்னும் 100. மறு ஆண்டு 100 ரூபாய்க்கு வந்தபோது 200 பங்கு. இப்போது அவர் போட்ட பணம் 78,000 ரூபாய், கையில் 400 பங்கு, சராசரி விலை 195. ‘380-லிருந்து 195-க்குக் கொண்டுவந்துவிட்டேன்’ என்று அவருக்கு ஒரு நிம்மதி. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி மத்திய அரசு அந்த வங்கியின் மீது தடை விதித்தது. அடுத்த நாள் பங்கு 16 ரூபாய் அளவில் முடிந்தது. 78,000 ரூபாய் 6,400 ஆனது.

அதோடு முடியவில்லை. வங்கியைக் காப்பாற்றும் திட்டத்தில், 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு விற்க முடியாது என்று பூட்டிவிட்டார்கள். நம்முடைய உதாரணக்காரரின் 300 பங்குகள் 2023 மார்ச் வரை அசையாது. பூட்டு திறந்தபோதும் விலை 16 ரூபாய்க்குப் பக்கத்தில்தான். அந்த வங்கி 2020 மார்ச்சிலேயே நிஃப்டி 50-லிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அந்த ஐம்பது கம்பெனிகளின் மொத்த நிலையைக் காட்டும் நிஃப்டி எண், 2018 ஆகஸ்டில் 11,500-ஐ ஒட்டி இருந்தது, 2023 மார்ச்சில் 17,000 அளவில் இருந்தது. நடுவில் கொரோனா வீழ்ச்சியும் வந்து போயிருந்தது.

விலை பாதியானால் பழைய இடத்துக்கு வர இரண்டு மடங்காக வேண்டும். ஐந்தில் ஒன்றானால் ஐந்து மடங்காக வேண்டும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விற்க மனம் வராது, விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடுமே என்ற பயம். என் மாமா ஒருவரின் டீமேட் கணக்கை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரை முழுவதும் சிவப்பு. நல்ல கம்பெனிகளை எல்லாம் அவர் வாங்கியிருக்கிறார், ஆனால் 15, 20 சதவீதம் ஏறியவுடன் விற்றுவிட்டிருக்கிறார். இறங்கியது மட்டும் தங்கிவிட்டது. சில கம்பெனிகளின் வர்த்தகமே நின்றுபோயிருந்தது.

“இதையெல்லாம் ஏன் மாமா இன்னும் வெச்சிருக்கீங்க?”

“வாங்கின வெலை வரட்டும் மாப்ளே, அன்னைக்கே வித்துடறேன்.”

மாமா கணக்கு வழக்கில் மிகக் கெட்டிக்காரர். கடையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். லாபத்தைச் சீக்கிரம் விற்று நஷ்டத்தைப் பிடித்துக்கொள்வது உலகம் முழுக்க மனிதர்கள் செய்வதுதான். டெரன்ஸ் ஓடீன், பிராட் பார்பர் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவில் 66,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் புரோக்கர் கணக்குகளை 1991 முதல் 1996 வரை எடுத்துப் பார்த்தபோது, அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்திருந்தது. அதே காலத்தில் சந்தை தந்தது 17.9. சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பணம் கைபட்டுக் கரைந்திருக்கிறது.

படித்துப் பார்த்து வாங்கினால் தப்பலாம் என்பவர்களுக்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நினைவிருக்க வேண்டும். 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது. ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்தவரும் படிக்காதவரும் அன்று சமம். தணிக்கையாளர் பார்க்காததை நாம் எங்கிருந்து பார்ப்பது?

டிப்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022-ல் சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறிய கம்பெனியைப் பெரிய குழுமம் ஒன்று வாங்கப்போகிறது என்று யூடியூபில் பொய் வீடியோக்கள் ஓடின. விலை ஏறியது. சிறு முதலீட்டாளர்கள் ஓடிவந்து வாங்க, ஏற்றிவிட்டவர்கள் அவர்கள் தலையில் விற்றுவிட்டு வெளியேறினார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 மார்ச்சில் இடைக்கால உத்தரவு போட்டது. டெலிகிராமில் உங்களுக்கு இலவசமாக வருகிற பங்கின் பெயர், விற்க ஆள் தேடுகிற ஒருவரிடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஐ.பி.ஓ. எனப்படும் முதல் பங்கு வெளியீடும் அப்படித்தான் ஏமாற்றுகிறது, ஆனால் சட்டப்படி. 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீட்டுக்காகவே எத்தனையோ பாலிசிதாரர்கள் முதல் முறையாக டீமேட் கணக்கு திறந்தார்கள். விலை 949 ரூபாய், பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே வந்தது, அடுத்த ஆண்டு மார்ச்சில் 550-க்கும் கீழே. பிறகு ஏறியது என்பது வேறு கதை. நல்ல கம்பெனி என்பதும் நல்ல விலை என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். விற்பவர் தனக்குச் சாதகமான நேரம் பார்த்துத்தான் விற்பார்.

பங்கின் வருங்கால விலையை வைத்துப் பந்தயம் கட்டுவது போன்ற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதி ஆண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே சொல்லிவிட்டது. இந்தக் கட்டுரையின் ஒப்பீட்டில் அதற்கு இடமே இல்லை.

‘பாதுகாப்பு’ என்று சொல்லி விற்பவை எல்லாம் பாதுகாப்பா

பங்கில் கை சுட்டவர் அடுத்து எங்கே போகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பயந்துபோய் வருகிறவருக்கு ‘உத்தரவாதம்’ என்ற சொல் இனிக்கும். ஆருத்ரா கோல்டு டிரேடிங் மாதம் 25, 30 சதவீத வட்டி என்று சொல்லி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியது. 2022-ல் வழக்கு வந்தது. ஷேர் மார்க்கெட் ஆபத்து என்று ஒதுங்கியிருந்த எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் இப்படிப்பட்ட இடங்களில் நகையை அடகு வைத்துப் பணம் போடுகின்றன. வங்கி தரும் வட்டியைவிட யாராவது இரண்டு மடங்கு உறுதியாகத் தருகிறேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது மோசடி என்று தெரிந்த கதை. நேர்மையான பெயரில் வருவதிலும் வேறுபாடு உண்டு. டி.ஹெச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டவர்கள் வங்கியில் போட்டது போலத்தான் நினைத்தார்கள். 2021-ல் அந்தக் கம்பெனி கைமாறியபோது பங்குதாரர்களுக்குப் பூஜ்யம். பொது டெபாசிட்தாரர்கள் பலரும் அசலில் பெரும்பகுதியை இழந்தார்கள். யெஸ் வங்கியிலும் ஒரு வகைக் கடன் பத்திரங்களில் 8,415 கோடி ரூபாயை முழுதாக அழித்துவிட்டார்கள். எஃப்.டி.யைவிடக் கூடுதல் வட்டி என்று சொல்லி அவற்றை மூத்த குடிமக்களிடமும் விற்றிருந்தார்கள். ஒன்றரை சதவீதக் கூடுதல் வட்டிக்காக வரிசையில் முன்னாலிருந்து பின்னால் போய் நின்றது தெரியாமலே போய்விட்டது.

அப்படியானால் எது உண்மையில் பாதுகாப்பு? வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. அதனால் பெரிய தொகையை இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது. கூட்டுறவு வங்கிகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தபால் நிலையத் திட்டங்களுக்கு மத்திய அரசே பொறுப்பு, அங்கே இந்தக் காப்பீட்டு உச்சவரம்புக் கவலை கிடையாது.

அறுபது தாண்டியவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைவிட நல்லது ஒன்றை நான் பார்க்கவில்லை. 8.2 சதவீத வட்டி, ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். முழுத் தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் கணக்கில் வந்து விழும். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போடலாம். வட்டிக்கு வரி உண்டு, மற்றபடி தூக்கம் கெடாது. பி.பி.எஃப். என்ற பொது சேமநல நிதியில் 7.1 சதவீதம்தான், 15 ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது. ஆனால் வட்டிக்கு வரியே இல்லை. சம்பளக்காரர்களுக்கு பி.எஃப்.பில் 8.25 சதவீதம் கிடைக்கிறது, விருப்பப்பட்டால் கூடுதலாகவும் பிடிக்கச் சொல்லலாம். பங்கு பொறுக்கும் பலர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். பல தனிப்பங்குகள் பத்து ஆண்டில் தராததை இது சத்தமில்லாமல் தந்திருக்கிறது.

ஆனால் டெபாசிட்டிலும் ஒரு நஷ்டம் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. 7 சதவீத வட்டி வாங்குகிறவர் 30 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் அவர் கையில் நிற்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. விலைவாசி அதே வேகத்தில் ஏறினால் பத்து ஆண்டு கழித்தும் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். முப்பது வயதில் ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கத் தொடங்கும் ஒருவர் எல்லாவற்றையும் எஃப்.டி.யில் வைப்பதும் தவறான முடிவுதான்.

தங்கம்? நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போய்த்தான் முதலீடு. அரசு வெளியிட்ட தங்கப் பத்திரம் அருமையான வழியாக இருந்தது. 2015-ல் 2,684 ரூபாய்க்கு வந்த முதல் வெளியீடு 2023-ல் 6,132 ரூபாயாகத் திரும்பியது, நடுவில் வட்டியும் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. கல்யாணத் தேவைக்கு வேண்டிய அளவுக்குத் தங்கம் சேர்ப்பது சரி. அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

இண்டெக்ஸ் ஃபண்டு: சலிப்பூட்டும் வழி

நிஃப்டி 50 என்பது தேசியப் பங்குச் சந்தையின் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியல். இண்டெக்ஸ் ஃபண்டு அந்த ஐம்பதையும் பட்டியலில் உள்ள அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலைத் திருத்துவார்கள். வளர்ந்தது உள்ளே வரும், தேய்ந்தது வெளியே போகும். யெஸ் வங்கியை வைத்திருந்த இண்டெக்ஸ் ஃபண்டுக்காரருக்கும் அதில் நஷ்டம்தான், ஆனால் விலை விழ விழ ஃபண்டில் அதன் அளவு தானாகவே சிறுத்து, கடைசியில் பட்டியலை விட்டே அது வெளியே போனது. மாமாவால் எடுக்க முடியாத முடிவை இங்கே ஒரு விதி எடுக்கிறது. அந்த 4 சதவீத நல்ல கம்பெனிகளும் பெரிதாக வளர்ந்தால் பட்டியலுக்குள் வந்துதான் ஆக வேண்டும். ஆரம்பத்து ஏற்றம் நமக்குக் கிடைக்காது. மற்றதில் பெரும்பகுதி கிடைக்கும்.

நிபுணர் நடத்தும் மியூச்சுவல் ஃபண்டு இதைவிட மேல் இல்லையா என்று கேட்பார்கள். சில நிபுணர்கள் நிஃப்டியை முந்துகிறார்கள். ஆனால் பெரிய கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஃபண்டுகளில் நீண்ட காலத்தில் பாதிக்கு மேல் பின்தங்கிவிடுகின்றன. முந்தப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லை. செலவு மட்டும் முன்கூட்டியே தெரியும். முழுநேரமும் இதே வேலையாக இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

செலவு விஷயத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. 10 லட்சம் ரூபாய் இருபது ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 96 லட்சம். 11 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 80 லட்சம். ஒரு சதவீதக் கட்டணத்தின் விலை கிட்டத்தட்ட 16 லட்சம். அதனால்தான் ஃபண்டு வாங்கும்போது ‘டைரக்ட்’ திட்டமா என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். ‘ரெகுலர்’ திட்டத்தில் விற்பவரின் கமிஷன் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பணத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும். நல்ல ஆலோசனை சொல்லி, சந்தை விழும்போது உங்களை விற்க விடாமல் தடுக்கிற முகவர் இருந்தால் அந்தக் கமிஷன் தகும். படிவம் நிரப்புவதற்கு மட்டும் என்றால் தகாது.

இதற்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. 2008 ஜனவரியில் நிஃப்டி 6,300-ஐ ஒட்டி இருந்தது. அக்டோபரில் 2,300-க்கும் கீழே தொட்டது. 2013 நவம்பரிலும் அது நின்றது அதே 6,300-ல்தான். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், கம்பெனிகள் லாபத்திலிருந்து பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்ட் தவிர வேறொன்றும் இல்லை. 2020-ல் ஜனவரியில் 12,400-ஐத் தொட்டது மார்ச்சில் 7,511 வரை போனது. அந்த முறை நவம்பருக்குள் மீண்டுவிட்டது, ஆனால் மீளும் என்று மார்ச்சில் யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் மகளின் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை இதில் வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். இண்டெக்ஸ் ஃபண்டு பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கம்பெனி மூழ்கி நம்மையும் மூழ்கடிக்கும் ஆபத்தை அது நீக்குகிறது. மொத்தச் சந்தையும் விழும் ஆபத்து அப்படியே இருக்கிறது. அந்த ஆபத்துக்கு ஒரே மருந்து காலம். அதனால்தான் பத்து ஆண்டு என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

யாருக்கு எது

மாதச் சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரர் முதலில் ஆறு மாதச் செலவை எஃப்.டி.யில் போட்டு வைக்கட்டும், ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்கட்டும். பிறகு மாதா மாதம் மிச்சமாவதை எஸ்.ஐ.பி. முறையில் ஒரே ஒரு நிஃப்டி ஃபண்டில் போட்டாலே போதும். நான்கைந்து ஃபண்டு வாங்கினால் அதே கம்பெனிகளைத்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். ஓய்வுபெற்றவர் மூத்த குடிமக்கள் திட்டத்தை நிரப்பிவிட்டு, வங்கியில் இரண்டு ஆண்டுச் செலவை வைத்துவிட்டு, அதற்கும் மேல் இருந்தால் மட்டும், ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றி யோசிக்கலாம். ஐம்பது வயதில் பங்கு பக்கமே போகாதவர் இப்போது அவசரப்பட்டு உள்ளே வர வேண்டியதில்லை. வீடு வாங்க முன்பணம் சேர்ப்பவர் பங்கை மறந்துவிடலாம்.

கம்பெனிகளைப் பற்றிப் படிப்பதிலேயே ஈடுபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை, அது நல்ல படிப்பு. மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வாங்கிப் பாருங்கள். வாங்கும் அன்று ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் விற்பேன் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுதாமல் வாங்கினால் விலை விழும்போது காரணங்களை மனம் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே போகும்.

இன்னொன்றும் செய்து பார்க்க வேண்டும், பெரும்பாலோர் செய்வதே இல்லை. புரோக்கர் அனுப்பிய அறிக்கையிலிருந்து நீங்கள் பணம் போட்ட ஒவ்வொரு தேதியையும் தொகையையும் எக்ஸெல்லில் ஏற்றுங்கள். விற்ற தேதிகளையும், வந்த டிவிடெண்டையும் எதிர்ப்பக்கம் போடுங்கள். கடைசி வரியில் இன்றைய மதிப்பு. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரம் உங்களுடைய உண்மையான ஆண்டு வருமானத்தைச் சொல்லிவிடும். பிறகு அதே தேதிகளில் அதே தொகை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போயிருந்தால், எடுத்த பணத்தையும் அதே தேதிகளில் அதிலிருந்து எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஃபண்டின் பழைய தினசரி மதிப்புகள் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வர்த்தகம் நின்றுபோன கம்பெனிகளையும் பூஜ்யம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் ஆசை வரும். மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து நிஃப்டியை முந்தியிருந்தால் பத்தில் ஒன்றை இரண்டாக்குங்கள். பின்தங்கியிருந்தால் அந்தப் பணமும் ஃபண்டுக்குப் போகட்டும். மாற்றும்போது வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கில் வரும் லாபத்தில் ஒரு நிதி ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். நஷ்டத்தில் விற்பதை அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். பழைய நஷ்டப் பங்குகளை விற்றுத்தள்ள இது ஒரு நல்ல சாக்கு.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் நாமினி பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். எஃப்.டி. ரசீது பீரோவில் இருக்கும், மனைவிக்குத் தெரியும். டீமேட் கணக்கு செல்போனுக்குள் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்டைக் கேட்டு வாங்காத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். வாரிசுகள் அதைத் திரும்பப் பெற கம்பெனிக்கும் அலுவலகத்துக்கும் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எந்த வங்கி, எந்த ஃபண்டு, எந்த புரோக்கர், எந்த தபால் நிலையம் என்று ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.